ரோபோ மிஸ்ஸின் முறை

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாய் நீளம். திருவிடந்தைக்குச் சற்று முன்னால், ஈ.சி.ஆர். ரோட்டை ஒட்டி ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறோம். வளையல், ரிப்பன், கிளிப், பலூன், ஜரிகை மாலை என்று கைக்கு எட்டும் இடமெல்லாம் தொங்கும். பேரம் பேசாமல் ஒரு ஹேர்பின்னைக்கூட எங்களிடமிருந்து யாரும் வாங்கிக்கொண்டு போனதில்லை. ஒரு சீப்பை விற்பதற்குள் என் வீட்டுக்காரர் அதன் பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார். நானும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. பேச்சையே பிழைப்பாக வைத்திருக்கும் இந்த வீட்டில், எங்கள் ஒரே மகள் எட்டு வயது வரை ஒரு வார்த்தை பேசாமல் வளர்ந்தாள்.

காது நன்றாகக் கேட்கும். தெருக்கோடியில் ஐஸ் வண்டி மணி அடித்தால் எங்களுக்கு முன்னால் அவள் தலை திரும்பும். ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சுப் பயிற்சிக்காகச் செங்கல்பட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தோம். ஏர் ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். போய்ச் சேரும்போது அவளுக்கும் தெம்பு இருக்காது, எனக்கும் இருக்காது. திரும்பி வந்தால் தெருவில் ஆளுக்கொரு யோசனை சொல்லக் காத்திருப்பார்கள். வசம்பு வைக்கச் சொன்னவர்கள், தேன் தடவச் சொன்னவர்கள், ஓதிய தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்கள் என்று யாரையும் நான் முறைத்ததில்லை. ‘பேசாத பிள்ளை தொந்தரவு இல்லாத பிள்ளை’ என்று பல்லைக் காட்டிய ஒருத்தியை மட்டும் நன்றாகக் கேட்டுவிட்டேன்.

என் மகள் அழும்போதுதான் எனக்கு உயிர் போகும். பசியா, தாகமா, சட்டைக் காலரில் இருக்கிற லேபிள் குத்துகிறதா, ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு பொருளாகக் கொண்டுவந்து நீட்டுவேன். எல்லாவற்றையும் தட்டிவிட்டு இன்னும் உரக்க அழுவாள். பெற்ற பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் நடுவீட்டில் நிற்பேன்.

பக்கத்தில் இருந்த அரசுப் பள்ளியில், மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் சேர்த்தோம். வகுப்பு டீச்சர் செங்கல்பட்டிலிருந்து தினமும் வருகிறவர். தங்கமான மனுஷி. ஒரு பிள்ளை விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு முன்னால் இவர் கண் கலங்கிவிடும். நான் சொல்லப்போகிற விஷயத்தில் கெட்டவர்கள் என்று யாரும் இல்லை. யாராவது இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவளுக்கு எட்டு வயதான வருஷம், பள்ளிக்கூடம் திறந்த கையோடு, சிறுசேரியில் ஒரு கம்பெனியிலிருந்து ரோபோ வந்தது. என் மகளைப் போன்ற பிள்ளைகள் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க உதவும் என்றார்கள். வெள்ளை நிறம், என் இடுப்பளவு உயரம், அடியில் சக்கரம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை, அதில் இரண்டு உருண்டைக் கண்கள். பெண் குரலில் ‘வணக்கம்’ என்று ஆரம்பித்ததால், பிள்ளைகள் அன்றைக்கே அதற்கு ‘ரோபோ மிஸ்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அதை ஓட்டிக் காட்டவும் பார்த்துக்கொள்ளவும் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வாடகைக் காரில் வந்து போனாள்.

விளையாட்டு ரொம்ப எளிமையானது. தரையில் படம் போட்ட அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். முதலில் ரோபோ மிஸ் ஒரு அட்டையின் பெயரைச் சொல்லும். “இப்போது என் முறை முடிந்தது. இனி உன் முறை” என்று என் மகளைப் பார்க்கும். அவள் ஒரு அட்டையை எடுத்து ஏதாவது ஒரு சத்தம் கொடுத்தால் போதும், அதன் கண் பச்சையாகும். பிறகு, “இனி உன் தோழியின் முறை” என்று சொல்லும். அந்தத் தோழி கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிற ஒரு வாயாடிப் பெண். யாரும் கூப்பிடாமலே, “நா அவகூட ஒக்காந்துக்கறேன் டீச்சர்” என்று தானாக வந்து உட்கார்ந்தவள்.

ரோபோ மிஸ்ஸுக்கு அவசரம் என்பதே கிடையாது. கேட்டுவிட்டுக் காத்திருக்கும். எங்கள் வீட்டில் ஒரு கேள்வி கேட்டால், அடுத்த மூச்சில் நாங்களே பதிலும் சொல்லிவிடுவோம். அந்தப் பிள்ளை வாயைத் திறக்க நாங்கள் இடமே விட்டதில்லை என்பது, வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தவிர, ரோபோ மிஸ்ஸின் குரல் திங்கட்கிழமை ஒரு மாதிரி, வெள்ளிக்கிழமை ஒரு மாதிரி இருக்காது. சொன்னதைச் செய்யும், செய்வதைச் சொல்லும்.

அவள் பேசிய முதல் வார்த்தை ‘மாடு’. அட்டையில் இருந்ததும் மாடுதான். டீச்சர் போன் செய்து அழுதுகொண்டே சொன்னார். என் வீட்டுக்காரர் வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு ஷட்டரை இறக்கினார். மழைக்காலத்தில் கரன்ட் போனபோதுகூட அந்த மனுஷன் ஷட்டரை இறக்கியதில்லை.

அதற்குப் பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் ரோபோ மிஸ் பேசுகிற தமிழில். “எனக்குத் தண்ணீர் வேண்டும்.” “இந்தச் சட்டை குத்துகிறது.” பக்கத்தில் பூ விற்கிற அம்மா மூக்கின்மேல் விரல் வைத்தாள்.

“இன்னா பாயம்மா, ஒன் பொண்ணு டிவி நியூஸ் மாரி பேசுது? நம்ம பேச்சு எதுவுமே அதுக்கு ஒட்லியா?”

“ஒட்டாட்டி போவுது. என்னா வேணும்னு சொல்லுது, அது போதும் எனக்கு” என்றேன். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

முறை என்ற விஷயம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சாப்பிட உட்கார்ந்தால், “முதலில் அத்தாவின் முறை, பிறகு அம்மாவின் முறை” என்று சொல்லி, தன் முறை வரும்வரை தட்டைத் தொடமாட்டாள். ஒருநாள் கடையில், ஒரு கஸ்டமர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அம்மாள் குறுக்கே புகுந்து ரிப்பன் கேட்டாள். என் மகள் அந்த அம்மாளிடம் போய், “இது உங்கள் முறை இல்லை” என்றாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளுக்கு அது சிரிக்கிற விஷயமில்லை, உலகமே அதன்மேல்தான் நிற்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை.

பள்ளியில் அவளும் அந்தக் குப்பத்துப் பெண்ணும் ஒட்டிக்கொண்டார்கள். ரோபோ மிஸ் நடுவில் இருக்கும்போது மட்டும்தான் பேச்சு. ஆனாலும் பேச்சு பேச்சுதானே. ஒருமுறை இன்ஜினியர் பெண் கடைக்கு வந்து கிளிப் வாங்கியபோது, இது எத்தனை நாளைக்கு இருக்கும் என்று கேட்டேன்.

“இந்த வருஷம் முழுக்க இருக்கும்க்கா. சைக்கிள் கத்துக்கும்போது பக்கத்துல சின்ன வீல் மாட்டுவோம்ல, அது மாதிரிதான். கொஞ்சம் கொஞ்சமா ரோபோவோட பங்கைக் குறைச்சிடுவோம். கடைசி நாள்னு ஒண்ணு வச்சு, ‘என் விளையாட்டு முடிந்தது, இனி நீங்கள் இருவரும் விளையாடுங்கள்’னு ரோபோவே அவகிட்ட சொல்லிடும். அதைச் சொல்லாம மட்டும் எடுத்துட்டுப் போகவே கூடாது. சொல்லிட்டா அவ தானா அந்தப் பொண்ணுகூட விளையாட ஆரம்பிச்சிடுவா” என்றாள்.

எவ்வளவு சின்ன விஷயம். ஒரே ஒரு வாக்கியம்.

ஆயுத பூஜைக்கு முந்தின வேலை நாளில் பள்ளியில் பூஜை போட்டார்கள். கரும்பலகை, மணி, பீரோ, சத்துணவு அண்டா, கம்ப்யூட்டர் என்று எதையும் விட்டுவைக்காமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ரோபோ மிஸ்ஸுக்குத்தான் அன்றைக்கு ராஜ மரியாதை. மேஜைமேல் பட்டுத்துணி விரித்து அதன்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். கழுத்தில் போட்ட ஜரிகை மாலை எங்கள் கடையிலிருந்து போனது. அதன் வயிற்றுக்குக் கீழே, சக்கரத்துக்கு மேலே, கறுப்பாக வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். பொட்டு வைப்பதற்கு வாகாக இருந்ததால், டீச்சர் அதிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்திருக்கிறார். ரோபோ தரை முடிகிற இடத்தைப் பார்த்து நிற்பதே அந்தக் கண்ணால்தான் என்று பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

டீச்சர்களை பஸ் ஸ்டாப்பிலிருந்து ஏற்றிவரும் ஷேர் ஆட்டோக்காரரும் பூஜைக்கு வந்திருந்தார். “சக்கரம் கீதா இல்லியா? சக்கரம் இருந்தா அது வண்டிதான். வண்டிக்கு எலுமிச்சம்பழம் ஏத்தாம வுட்டா நல்லாவா இருக்கும்?” என்று கேட்டிருக்கிறார். தலைமையாசிரியருக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு பழம் வைத்தார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில், “முன்னே வா” என்றார்கள். அதுவும் வந்தது. ஒரு பழம் நசுங்கியது, இன்னொன்று நசுங்கவில்லை. ஒருபக்கமாகச் சாய்ந்து, பழத்தைத் தாண்டி, மேஜையின் விளிம்பையும் தாண்டி, சிமென்ட் தரையில் முகம் குப்புற விழுந்தது.

ஆட்டோக்காரர் நேராகக் கடைக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். “பாயம்மா, தப்பு நடந்து போச்சு. அந்த பொம்ம கீழ வுழுந்துட்ச்சி. கண்ணு ரெண்டும் இருட்டாய்ட்ச்சி” என்றார். பொய் சொல்வானேன், அவர் சொன்ன தோரணையில் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் போன பிறகுதான் என் மகளின் நினைப்பு வந்தது.

பூஜையில் அடித்த மேளச் சத்தம் தாங்காமல் என் மகள் அந்த நேரத்தில் சத்துணவுக் கூடத்தில் ஆயாவோடு உட்கார்ந்திருந்தாள். விழுந்ததை அவள் பார்க்கவில்லை. அவள் வகுப்புக்குத் திரும்புவதற்குள் ரோபோவைத் துணியால் மூடி, தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். “ரோபோ மிஸ் எங்கே?” என்று கேட்டிருக்கிறாள். “ஊருக்குப் போயிருக்காங்கடா கண்ணு. நாளைக்கு வந்துடுவாங்க” என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்.

இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் தப்பாகத் தோன்றியிருக்குமா என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை வளர்ப்பதே இப்படித்தான். நான் கொஞ்சி வளர்த்த ஆடு பக்ரீதுக்குப் பிறகு ‘ஊருக்குப்’ போனது. செத்துப்போன பெரியப்பா ‘ஊருக்குப்’ போனார். நாலு நாள் கேட்போம், பெரியவர்களின் முகத்தைப் பார்ப்போம், நாமாகவே விளங்கிக்கொண்டு அத்தோடு விட்டுவிடுவோம். எங்கள் வீட்டில் ‘நாளைக்கு’ என்றால் கூடவே ‘இன்ஷா அல்லாஹ்’ என்றும் சேர்த்துக்கொள்வோம். அதில் கொஞ்சம் நாணயம் உண்டு. முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ளும் வித்தைதான் என் மகளுக்கு வராதே. அவளுக்கு வார்த்தை என்றால் வார்த்தை.

லீவு முடிந்ததும் கம்பெனியிலிருந்து வந்து எடுத்துப்போனார்கள். பிள்ளைகள் மைதானத்தில் இருந்த நேரமாகப் பார்த்துப் பின்பக்க கேட் வழியாக ஏற்றினார்களாம். குழந்தைக்குத் தெரிந்தால் தாங்காது என்ற இரக்கம். உடைந்துவிட்டது என்று அவளிடம் கட்டாயம் சொல்லிவிடும்படி இன்ஜினியர் பெண் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள். டீச்சரும் தலையாட்டியிருக்கிறார். திரையும் போய், மோட்டாரும் போய், சரி செய்வதற்கு ஆகும் செலவில் புதிதே வாங்கிவிடலாம் என்று கம்பெனியில் கைவிட்டார்கள். புதிதும் வரவில்லை. இன்ஜினியர் பெண்ணும் பெங்களூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

வீட்டில் என் மகள் தண்ணீர் கேட்டாள், சோறு கேட்டாள். பள்ளியில் மட்டும் பேச்சு நின்றுபோனது. “வாயே தெறக்க மாட்டேங்கறாம்மா. மெஷின் போன ஏக்கம்தான், வேற என்ன” என்று டீச்சர் சொன்னார். ஏக்கம் என்றே நானும் நினைத்தேன். கேட்கப் பயமாகவும் இருந்தது. பேச்சை எடுத்தால் அழுவாளோ, கிடைத்த நாலு வார்த்தையும் போய்விடுமோ என்று, கடையில் வாய் கிழியப் பேசுகிற நான், சொந்தப் பிள்ளையிடம் அந்த ஒரு விஷயத்தைப் பேசாமலே இருந்தேன். மழை முடிந்து பொங்கலும் போய்விட்டது.

ஒருநாள் தண்ணீர் பாட்டிலைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். விளையாட்டு நேரம். பிள்ளைகள் கும்பல் கும்பலாக உட்கார்ந்து அதே பட அட்டைகளை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் சுவர் ஓரத்தில் நின்றிருந்தாள். ரோபோ மிஸ்ஸை சார்ஜில் போட்டு நிறுத்துகிற இடம் அது. கையில் ஒரு அட்டை. முகத்தில் அழுகை இல்லை, வாட்டம்கூட இல்லை.

“இங்க தனியா நின்னுகினு இன்னா பண்ற?”

“காத்திருக்கிறேன்.”

“யாருக்கு?”

“இது ரோபோ மிஸ்ஸின் முறை. அடுத்தது என் முறை. அடுத்தது தோழியின் முறை” என்றாள்.

ஏக்கமாவது, மண்ணாங்கட்டியாவது. நாளைக்கு வரும் என்று சொன்னார்கள், அதனால் நின்றிருக்கிறாள். முதல் ஆள் வந்து தன் முறையை முடிக்காமல் இரண்டாவது ஆள் எப்படி ஆடுவது? அக்டோபரிலிருந்து அந்தப் பிள்ளை விதியை மீறாமல் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

டீச்சரை வராந்தாவுக்கு அழைத்தேன். “அவகிட்ட யாரு இன்னா சொன்னது?” என்று கேட்டேன். நல்ல குரலில் கேட்கவில்லை. ஊருக்குப் போயிருக்கிறது என்று சொன்னதை அவர் சொன்னார். பிறகும் பலமுறை அவள் கேட்டதாகவும், ஒவ்வொரு தடவையும் ‘நாளைக்கு’ என்றே சொன்னதாகவும் சொன்னார். “மனசு வரலம்மா. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிம்மா சொல்றது?” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நானும் அந்த முகத்தைப் பார்த்துப் பயந்து ஒதுங்கியவள்தானே.

உள்ளே போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். ரோபோ மிஸ்ஸின் தமிழிலேயே சொன்னேன். எனக்கு அது பழக்கமில்லை, நாக்கு தடுமாறியது. “ரோபோ மிஸ் கீழே விழுந்து உடைந்துவிட்டது. அது ஊருக்குப் போகவில்லை. இனி வராது. ரோபோ மிஸ்ஸின் முறை முடிந்துவிட்டது.”

அலறுவாள் என்று இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தேன். அவள் அலறவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தாள். “முடிந்துவிட்டது” என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். “இனி என் முறை” என்றாள். அவ்வளவுதான். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. இதற்கா இத்தனை பேர் இத்தனை மாதம் பயந்தோம் என்று எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அவள் அட்டையைப் பிடித்துக்கொண்டு நேராக வகுப்பின் நடுவே நடந்தாள். எத்தனை பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தாலும் அன்றைக்குக் காதைப் பொத்தவில்லை. தோழி வழக்கமாக உட்காரும் இரண்டாவது பெஞ்சின் ஓரத்துக்குப் போய், அட்டையைத் திருப்பிக் காட்டி, “படகு. இனி உன் முறை” என்றாள்.

அங்கே வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் என் மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

“அவ இல்ல. அவங்க நைனாவுக்கு கடப்பாக்கத்துல போட் வேல கெட்ச்சிச்சாம். பொங்கல் லீவுல வூட்ட காலி பண்ணிகினு பூட்டாங்க.”

என் மகள் திரும்பி எங்களைப் பார்த்தாள். டீச்சர் பழக்கதோஷத்தில், “வந்துடுவாடா கண்ணு, லீவு வுட்டா...” என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். “தோழி கடப்பாக்கம் போய்விட்டாள். இனி இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டாள்” என்று சொன்னேன். ஒரே நாளில் இப்படி உள்ளதைச் சொல்வது இரண்டாவது தடவை.

பெஞ்சில் இருந்த பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. “டெய்லி ஒன்ன வெளாட கூப்ட்டுகினேதான் இருந்தா. கடசி நாளுகூட வந்து ஒன் கைய புட்ச்சி இஸ்த்தா. நீதான் அந்த மூலய வுட்டு வர்ல” என்றாள்.

என் மகள் அதைக் கேட்டுக்கொண்டாள். அட்டையைக் கவிழ்த்துப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

“அப்போது என் முறை வரவில்லை” என்றாள்.